நாலு மணிக்குக் கையெழுத்து

அத்தியாயம் பதினொன்று

நோட்டீஸ் இன்னும் கைப்பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை தபால் பெட்டியிலிருந்து எடுத்து, பிரித்து, படியில் நின்றபடியே படித்து, நான்காக மடித்துப் பையின் உள்ஜிப்பில் போட்டாள். இன்று புதன். உறை மேல் இருந்தது அவளுடைய பெயர் அல்ல, கணவனுடைய அக்காவின் பெயர். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது அந்த வீட்டில் தப்பில்லை. வரித்துறையிலிருந்து எது வந்தாலும் "கணக்குப்பிள்ளைகிட்ட குடு" என்பதுதான் ஆறு வருஷமாகச் சட்டம்.

கணக்குப்பிள்ளை என்பது கேலிப் பெயர். அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் நூற்றுப்பத்து பேருக்குச் சம்பளம் போடுகிறவள் அவள். கல்யாணமாகி வந்த மூன்றாம் வாரமே நாத்தனார் ஒரு வரிப் படிவத்தைக் கையில் கொடுத்து, "நீ இதெல்லாம் படிச்சவதானே" என்றாள். அன்றைக்கு அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. புது மருமகள் எதற்குத்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

சம்பளக் கணக்கு வேறு, வீட்டு வரி வேறு என்று பிற்பாடு பலமுறை சொல்லிப் பார்த்தாள். பல்வலிக்குக் கண் டாக்டரிடம் போவது மாதிரி என்றுகூடச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது வீட்டுக்குச் செய்த செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தச் செலவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முடிவு செய்தது அவள்தான்.

காலை எட்டு மணிக்கு நாத்தனாரின் லாண்டரியில் நீராவி ஏறிக்கொண்டிருந்தது. சாவியக்கா இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்று ஒரு வெள்ளைக் கோட்டின் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். வீடுகள் மூன்று, கடை ஒன்று, எல்லாச் சாவியும் அவள் இடுப்பில். அதனால் தெரு முழுக்க அவள் சாவியக்காதான். முதல் வீட்டில் குடும்பம் குடியிருந்தது. கீழே அவள், மாடியில் தம்பியும் தம்பி மனைவியும். இரண்டாவது வீடு வாடகையில் ஓடியது. மூன்றாவது, அக்கா தம்பி இருவர் பெயரிலும் வாங்கியது, இன்று மாலை கைமாற இருந்தது.

"நாலு மணிக்கு வக்கீல் ஆபீஸ்" என்றாள் சாவியக்கா, தலை நிமிராமல். "வீட்டை வாங்கற பல் டாக்டரும் அவர் சம்சாரமும் வந்துருவாங்க. நீ அரை நாள் லீவு போட்டுட்டு வா. உன் புருஷனை யூனிபார்மோட வரவேணாம்னு சொல்லு. பஸ் விக்க வந்தவன் மாதிரி இருப்பான்."

"அண்ணி, ஒரு தடவை ஆடிட்டர் யார்கிட்டயாவது காட்டிட்டு..."

"எதை?"

"விக்கறதை. வரி எவ்வளவு வரும்னு."

"வித்த பிறகு வரி தானா வரும். கூப்பிடாமலே வர்ற சொந்தக்காரன் அது ஒண்ணுதான்." சாவியக்கா கோட்டைத் திருப்பிப் போட்டாள். "வீட்டுக்குள்ள நீ இருக்கறப்போ வெளியாளுக்கு எதுக்குக் காசு? அவங்க கேக்கற பீஸ்ல நான் இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டுருவேன்."

"எனக்கு இதெல்லாம் அவ்வளவு தெரியாது அண்ணி."

"ஆறு வருஷமா தெரிஞ்சது இன்னிக்குத் தெரியாமப் போச்சா?"

நோட்டீஸைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்பது தெரிந்தும் பையைத் திறக்கவில்லை.

சாவியக்காவின் அவசரமும் நியாயமானதுதான். லாண்டரி இருக்கிற கட்டடத்தை உரிமையாளர் விற்கப் போகிறார். பத்தொன்பது வருஷமாக வாடகை தவறாமல் கொடுத்தவள் என்பதால் முதல் வாய்ப்பு அவளுக்கு. இன்னும் பத்து நாளில் பணம் வரவில்லையென்றால் கட்டடம் ஒரு மருந்துக் கடைக்காரருக்குப் போய்விடும். இடத்தை இழந்தால் நான்கு ராட்சத மெஷின்களையும் கொதிகலனையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மூன்றாவது வீடு அதற்காகத்தான் விலைக்கு வந்தது.

சாவியக்கா கோட்டைத் தொங்கவிட்டாள். "மறக்காத. நாலு மணி."

பன்னிரண்டரைக்கு அவள் டயர் கடை மாடியில் இருந்தாள்.

தொழிற்சாலை மேனேஜர் கொடுத்த முகவரி அது. குறுகலான படி, மேலே கண்ணாடிக் கதவு, உள்ளே ரப்பர் வாடை. ஆடிட்டருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று நெற்றியில். சத்தமே இல்லாமல் பேசினார். கீழே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் நிறுத்தி, அது ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நோட்டீஸை இரண்டு முறை படித்தார். அவள் கொண்டுவந்திருந்த பழைய படிவங்களைப் புரட்டினார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"கையெழுத்து?"

"அண்ணியோடது."

"காசு வாங்கினீங்களா, இதைப் பண்ணிக் கொடுக்க?"

"இல்ல சார். வீட்டு வேலைதானே."

அவர் தலையாட்டினார். "கூரையில ஓட்டை விழுந்து அடைச்சா அது ரிப்பேர். அந்த வருஷச் செலவுல கழிச்சுக்கலாம். நீங்க கூரையையே மாத்தி, கூடவே புதுசா ஒரு குளியலறையும் கட்டியிருக்கீங்க. அது ரிப்பேர் இல்லம்மா. வீட்டோட மதிப்பு கூடிருச்சு. அதை ஒரே வருஷத்துல மொத்தமா கழிச்சிருக்கக் கூடாது."

அவளுக்குக் காது சூடானது. "தெரியாமத்தான்..."

"அது அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் கடிதம் போட்டுக் கேக்கறாங்க. நாள் தவறாம, உள்ளதைச் சொல்லி, கட்ட வேண்டியதைக் கட்டிட்டா அபராதம் பெருசா இருக்காது. பதில் போட இன்னும் பதினொரு நாள் இருக்கு." கீழே காற்று சீறியது. ஓய்ந்தது. "சட்டப்படி உங்களை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. உங்க பேரே இதுல எங்கயும் இல்ல. தப்பு உங்க அண்ணி பேர்ல நிக்குது."

அதைக் கேட்டதும் ஒரு கணம் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இறங்கியதற்காக மறுகணமே வெட்கமாக இருந்தது.

"வீட்டுல கேப்பாங்க சார்" என்றாள்.

"அதுக்கு நான் பதில் போட முடியாது." சிரிக்காமல் சொன்னார். "சரி, இதுக்காக மட்டுமா வந்தீங்க?"

"இல்ல. இன்னிக்கு இன்னொரு வீட்டை விக்கறாங்க. நாலு மணிக்குக் கையெழுத்து."

ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எப்ப வாங்கினது?"

அவள் தேதியைச் சொன்னாள். அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்து, விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனார். அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"வாங்கி ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள வித்தா, லாபத்துக்கு ஒரு வரி. முடிஞ்ச பிறகு வித்தா வேற வரி. கிட்டத்தட்ட பாதிதான் வரும். உங்களுக்கு ரெண்டு வருஷம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு."

"பத்தொன்பது நாளா?"

"கையெழுத்து விழற நாள்தான் வித்த நாள். தேதியைத் தள்ளிப் போட்டு எழுதிக்கலாமான்னு மட்டும் கேக்காதீங்க. அதுக்கு வேற ஆள் இருக்காங்க, நான் இல்ல." நாட்காட்டியைத் திரும்ப மாட்டினார். "குடியிருக்கற ஒரு வீட்டுக்கு நான் தேவையில்லம்மா. நீங்களே எழுதிக்கலாம். ரெண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டீங்க பாருங்க, அன்னிக்கு வந்திருக்கணும். குளியலறைக்குக் கொத்தனாரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி வந்திருந்தா இந்த நோட்டீஸே இல்ல. பாதிப் பேர் என்கிட்ட கையெழுத்து காஞ்ச பிறகுதான் வர்றாங்க. அப்புறம் நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. எவ்வளவு போச்சுன்னு கூட்டிச் சொல்லலாம், அவ்வளவுதான். நீங்க மூணரை மணி நேரம் முன்னாடி வந்திருக்கீங்க."

"என்ன பண்ணணும் சார்?"

"உங்க அண்ணியும் உங்க வீட்டுக்காரரும் என்கிட்ட வரணும். அவங்க எழுதிக் கொடுக்காம நான் ஒரு காகிதத்தைத் தொட முடியாது. இப்ப உங்ககிட்ட பேசினதே பேச்சுக்குத்தான். ஆறரை வரைக்கும் இருப்பேன்."

பீஸ் எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொன்னார். அதில் மெஷின் வாங்க முடியாது. அதன் மூடியைக்கூட வாங்க முடியாது.

பஸ் டிப்போவில் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. அவள் கணவன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் தட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். வேலை நேரத்தில் அவள் அங்கே வந்ததே கிடையாது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெளிய வாங்க."

நிறுத்தியிருந்த இரண்டு பஸ்களுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டீஸ், குளியலறை, பத்தொன்பது நாள். முடித்ததும் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எத்தனை நாளா உன் பையில இருக்கு?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

"ஞாயித்துக்கிழமை நாம மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்."

"ஆமா."

அவன் பஸ்ஸின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் என்றிருந்தது.

"எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள். "அண்ணி என்னை நம்பித்தான் எல்லாத்தையும் கொடுத்தாங்க. அதுல ஓட்டை விழுந்துருச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"இன்னிக்குச் சொல்லாத." அவன் குரல் கெஞ்சுவது போலிருந்தது. "கையெழுத்து முடியட்டும். நாளைக்கு நானே மெதுவா எடுத்துச் சொல்றேன். டாக்டர் வீட்டு ஆளுங்க முன்னாடி அக்காவைத் தலைகுனிய வைக்காத. என்னை வளர்த்ததே அவங்கதான். எனக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கறதுக்கு அவங்க படிப்பை விட்டுட்டு அடுத்தவங்க துணியைத் துவைச்சாங்க. நான் அவங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

"நான் எதிர்த்துப் பேசச் சொல்லலைங்க. அந்த வீடு பாதி உங்க பேர்ல இருக்கு. நீங்களும் கையெழுத்துப் போடணும். தெரிஞ்சே போடுவீங்களா?"

உள்ளேயிருந்து யாரோ அவனுடைய வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ஒரு டிரிப் இருக்கு. நேரா அங்க வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டடி போய்த் திரும்பினான். "நான் வர்ற வரைக்கும் எதுவும் பேசாத."

வக்கீல் அலுவலகத்தில் மேஜை நீளமாக இருந்தது. ஒரு பக்கம் பல் டாக்டரும் அவர் மனைவியும். எதிரே சாவியக்கா, இஸ்திரி மடிப்புக் கலையாத நீல உடையில். அவளை அவ்வளவு அழகாக உடுத்தி இவள் பார்த்ததில்லை. வக்கீல் பத்திரத்தின் பக்கங்களைத் தட்டி ஒழுங்காக்கினார்.

நாலாகிப் பத்து நிமிடம். அவள் கணவன், டிரைவர், இன்னும் வரவில்லை.

"தம்பி வந்ததும் போடட்டும். நான் முதல்ல போட்டுடறேன்" என்றாள் சாவியக்கா.

வக்கீல் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். "எல்லாம் பாத்தாச்சு இல்லையா? வரி விஷயம் என் வேலை இல்ல. போன வாரமே கேட்டேன், உங்க ஆள் பாத்தாச்சுன்னு சொன்னீங்க."

"எங்க வீட்டுக் கணக்குப்பிள்ளை பாத்தாச்சு" என்று சாவியக்கா பக்கத்தில் கையைக் காட்டினாள். அதில் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் இவளைப் பேச வைத்தது.

"நான் பாக்கல அண்ணி."

பேனா காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"கொஞ்சம் வெளிய வாங்க. ரெண்டு நிமிஷம்."

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு. நான் ஒளிச்சு வச்சுப் பேசறவ இல்ல."

டாக்டரின் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டிப்போவில் கணவன் சொன்னது கணக்குப்பிள்ளைக்கு ஞாபகம் இருந்தது. அவன் வருவதற்குள் அந்தப் பேனா இறங்கிவிடும் என்பதும் தெரிந்தது.

"இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா வரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பத்தொன்பது நாள் கழிச்சுப் போட்டா பாதிதான். மத்தியானம் ஒரு ஆடிட்டரைப் பாத்துட்டு வந்தேன்."

"யாரைக் கேட்டுப் போன?"

"யாரையும் கேக்கல." பையைத் திறந்து, உள்ஜிப்பை இழுத்து, நோட்டீஸை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதுவும் வந்திருக்கு. உங்களுக்கு. ரெண்டாவது வீட்டுச் செலவை நான் தப்பா எழுதியிருக்கேன். தப்பு என்னோடது. சனிக்கிழமையே வந்துருச்சு. நான்தான் சொல்லல."

சாவியக்கா பேனாவை வைத்துவிட்டு நோட்டீஸைப் பிரித்தாள். மடிப்பு ஆழமாக விழுந்திருந்தது. ஒரு பக்கம்தான். ஆனாலும் வெகுநேரம் படித்தாள்.

அப்போதுதான் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு வந்தான், யூனிபார்மோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. அறையில் யாரும் யாரையும் பார்க்காமல் இருப்பதைக் கண்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமாடா?" சாவியக்கா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டரை மணிக்குத் தெரியும்க்கா."

"போடலாம்னு நினைக்கறியா?"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு பத்திரத்தைப் பார்த்தான். "வேணாம்க்கா" என்றான். நாற்பது வயதில் அக்காவிடம் அவன் சொன்ன முதல் வேணாம் அது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "இந்த மாசக் கடைசியில நாங்க இருக்கற வீட்டைக் காலி பண்ணணும். மூணு வாரம் காத்திருக்கறதுன்னா நாங்க எங்க போய் இருக்கறது?"

"அந்த வீட்டுக்கு இப்பவே சாவியைக் கொடுத்தா?" என்று டிரைவர் தயங்கிக் கேட்டான்.

"கேக்காம எதையும் கொடுக்கக் கூடாது" என்றாள் அவன் மனைவி. "சாவியைக் கொடுத்த நாளையே வித்த நாளா எடுத்துக்குவாங்களோ என்னவோ. எனக்குத் தெரியாது. ஆடிட்டரைக் கேட்டுத்தான் சொல்லணும்."

தெரியாது என்று அவள் சத்தமாகச் சொன்னது அறையில் எல்லோருக்கும் கேட்டது. சாவியக்கா முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"டாக்டர் சார்" என்றாள் பிறகு. "உங்களை வரவச்சுட்டு இப்படிச் சொல்றது எனக்கே கேவலமா இருக்கு. இன்னிக்கு நான் போடல. நாளைக்குக் காலையில உறுதியா ஒரு பதில் சொல்றேன்."

"வேற ஒரு வீடும் பாத்து வச்சிருக்கோம்" என்றாள் டாக்டரின் மனைவி. மிரட்டலாக இல்லை, தகவலாகத்தான் சொன்னாள். "நாளைக்குப் பத்து மணி வரைக்கும்தான் சொல்ல முடியும்." அவர்கள் எழுந்து போனார்கள். வக்கீல் பேனாவை மூடினார்.

தெருவில் இறங்கியதும் சாவியக்கா வேகமாக நடந்தாள். இருவரும் பின்னால் ஓட வேண்டியிருந்தது. முனையில் திடீரென்று நின்றாள்.

"தப்பா எழுதினதுக்கு நான் கோவப்படல" என்றாள், தெருவைப் பார்த்தபடி. "வெள்ளைத் துணியில எத்தனை தடவை நானே சாயம் ஏத்திட்டு நின்னிருக்கேன். வந்த கஸ்டமர்கிட்ட அந்த நிமிஷமே விரிச்சுக் காட்டிருவேன். நீ நாலு நாள் என் முகத்தைப் பாத்துச் சாப்பிட்டிருக்க."

"ஆமா அண்ணி."

"எதுக்குப் பயந்த? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். டிரைவர் தரையைப் பார்த்தான். அவர்கள் இருவருடைய மௌனத்தையும் சாவியக்கா மாறி மாறிப் பார்த்தாள். அதில் இருந்த பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அந்த ஆடிட்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார்?"

"ஆறரை."

சாவியக்கா போனை எடுத்தாள். கட்டட உரிமையாளரைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவரிடம் தவணை கேட்டவள் இல்லை. "எனக்கு இன்னும் ஒரு பத்து நாள் கூடுதலா வேணும்" என்று சொல்வதற்குள் நெற்றியில் வியர்த்துவிட்டது. மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "சரி, பாத்துச் சொல்லுங்க" என்று வைத்தாள். "மருந்துக் கடைக்காரனைக் கேட்டுச் சொல்வாராம். என் கடைக்கு அவன்கிட்ட அனுமதி."

டயர் கடை மாடி ஏறினார்கள்.

ஆடிட்டர் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அவரை நியமிக்கிற கடிதத்தில் சாவியக்கா கையெழுத்துப் போட்டாள், டிரைவரும் போட்டான். நோட்டீஸுக்குப் பதில் தயாரிக்க என்னென்ன வேண்டும் என்று சொன்னார். பல் டாக்டரிடம் முன்கூட்டியே சாவியைக் கொடுப்பது பற்றிக் கேட்டபோது உதட்டைப் பிதுக்கினார். "கொடுக்காதீங்க. கையெழுத்துக்கு முன்னாடியே வித்துட்டீங்கன்னு சொல்ல இடம் கொடுத்துரும். அவங்க அதுவரைக்கும் எங்கயாவது தங்கற வாடகையை நீங்க ஏத்துக்கறேன்னு சொல்லிப் பாருங்க. மிச்சமாகற வரியில அது ஒரு மூலைக்குக் காணாது."

சாவியக்கா அவரை வியப்போடு பார்த்தாள். "இதை நானே யோசிச்சிருக்கலாமே."

"யோசிக்கலாம். கையெழுத்துக்கு முன்னாடி யோசிக்கணும், அவ்வளவுதான்."

அறையில் இறுக்கம் லேசாகத் தளர்ந்தது. டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"மூணாவது வீடு வாங்கின காகிதம் எல்லாம் கொண்டுவந்திருக்கீங்களா?" என்றார் ஆடிட்டர்.

சாவியக்கா துணிக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த கட்டை அப்படியே கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். பத்திரம், வக்கீல் ரசீது, வங்கியில் பணம் கட்டிய சீட்டுகள். ஒரு சீட்டில் கை நின்றது. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார்.

"வீடு உங்க ரெண்டு பேர் பேர்ல இருக்கு. ஆனா வாங்கறப்போ கட்டின பணத்துல மூணுல ஒரு பங்கு வேற ஒருத்தர் கணக்கிலேர்ந்து வந்திருக்கே. இவர் யாரு?"

சாவியக்கா கையை நீட்டினாள். "அதை எடுத்துருங்க. அது இதுல தவறிச் சேர்ந்துருச்சு."

"எடுக்க முடியாதும்மா. அது கடனா, சும்மா கொடுத்ததா, இல்ல அவருக்கும் வீட்டுல பங்கு இருக்கான்னு தெரியாம நான் இதை விக்கச் சொல்ல முடியாது."

சொல்லிக்கொண்டே சீட்டை மேஜையில் திருப்பி வைத்தார். கணக்குப்பிள்ளைதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டியவர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் படித்தாள். அவளுக்குத் தெரிந்த பெயர். கணவனுடைய லைசென்ஸிலும் அவர்களுடைய கல்யாணப் பதிவிலும் தந்தை பெயர் என்ற கட்டத்தில் இருக்கிற பெயர். அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது செத்துப்போய்விட்டார் என்று சாவியக்கா சொல்லி, அவன் இன்றுவரை நம்பிவருகிற மனிதர்.

சீட்டின் தேதிக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

டிரைவர் இருந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை. "யாருக்கா அது?" என்று கழுத்தை நீட்டினான்.

"கீழ போய் நாலு டீ சொல்லிட்டு வாடா" என்றாள் சாவியக்கா.

"இப்பவா?"

"தொண்டை வறண்டு கிடக்கு. போ."

நாற்பது வருஷப் பழக்கம். தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனான். கண்ணாடிக் கதவு அவன் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"அதைச் சாத்து" என்றாள் சாவியக்கா. அந்தக் குரலை இவள் அதுவரை கேட்டதில்லை. கட்டளை போடுகிற குரல் இல்லை. "நீ படிச்சுட்ட. எனக்குத் தெரியும். சாத்திட்டு வந்து பக்கத்துல உக்காரு. உன்கிட்ட சொல்றேன். அவனுக்கு மட்டும் தெரிய வேணாம்."

அவள் எழுந்து கதவருகே போனாள். பிடியில் கை வைத்தாள். நாலு மணியிலிருந்து இந்தப் பெண்மணி தன்னை மறுபடி நம்புவாளா என்பதுதான் அவளுடைய ஒரே பயம். இதோ நம்புகிறாள்.

"என்னால முடியாது அண்ணி" என்றாள். "இன்னொரு காகிதத்தை அவர்கிட்டேர்ந்து என்னால மறைச்சு வைக்க முடியாது."

ஆடிட்டர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் கதவை முழுக்கத் திறந்தாள். டிரைவர் மூன்றாவது படியைத் தாண்டியிருக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, அங்கேயே நின்றிருந்தான்.

"டீ வேணாம்ங்க" என்றாள். "மேல வாங்க."